துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

பிள்ளைகளே, முந்தின வாரம் உங்கள் வயசுப் பெண் ஒருத்தி எங்கள் குடும்பத்தையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டாள். திட்டத்தான் நினைத்தேன்... முடியவில்லை.

கருங்குழியில் என் தங்கை வசந்தாவின் வீட்டுக்காரர் இறந்து, காரியமும் முடிந்துவிட்டது. வசந்தா மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. இவளும் படுத்துவிடுவாளோ என்று எங்களுக்கு பயம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கக் கிளம்பினோம். என் மகள் தன் வகுப்புத் தோழி ஜெனிபரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சதுரங்கப்பட்டினத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். இவளுக்கோ வாய் ஓயாது!

மச்சானின் நாற்காலியை அங்கே யாருமே தொடுவதில்லை. ஜெனிபர் போனதும் அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏன் அத்த ஜன்னல மூடி வச்சிகினு கீறீங்க? புழுங்குது!" — திறந்தும் விட்டாள். என் பெரியம்மா முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கிளம்பும் நேரம். துக்க வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது. ஜெனிபருக்கு யார் சொன்னது?

"அத்த, போய்ட்டு வரேன்! அடுத்த ஞாயித்துக்கெழம நெத்திலி எடுத்துகினு வரேன்!"

"ஏய், வாய மூடு!" பெரியம்மா சீறினார். "எழவு வூட்ல வரேன்னு சொல்றியே, அறிவு கீதா உனுக்கு?"

ஜெனிபரின் முகம் சுருங்கியது. வாய் சுருங்கினால்தானே?

"எங்க அப்பா டெய்லி சொல்ட்டுதான் கடலுக்குப் போவும். சொல்லாம போனாத்தான் அம்மா அழுவும்."

அதைக் கேட்டு வசந்தா தலையைத் தூக்கினாள்.

"எல்லாம் வந்தாங்க, எழுந்து போய்ட்டாங்க பெரிம்மா. இது ஒண்ணுதான் சொல்லிட்டுப் போவுது... நீ வா கண்ணு."

அடுத்த ஞாயிறு ஜெனிபர் சொன்னபடி வந்தாள் — பை நிறைய மீனோடு. வசந்தாவே உட்கார்ந்து ஆய்ந்தாள்.

"இன்னாடி ஜெனி, பாதி மண்ணு கீது?"

"கடல்ல மண்ணு இல்லாம இன்னா இருக்கும் அத்த? நல்லா கழுவுங்க!"

வசந்தா சிரித்துவிட்டாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள்.

"எப்டிப்பா என் ஃப்ரெண்டு?" என் மகள் காதில் கேட்டாள்.

எனக்கு அதிகம் படிப்பு கிடையாது. ஆனாலும் இவ்வளவு தெரிகிறது: பெரியவர்கள் நாங்கள் வழக்கத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். மனுஷியைக் காப்பாற்றியது அந்தப் பெண். இப்படி ஒருத்தியைத் தோழியாகப் பிடித்து வைத்திருக்கிறாளே என் மகள் — அதை நினைத்தால், பிள்ளைகளே, பெருமையில் சட்டை பட்டன் தெறிக்கிறது எனக்கு!

என்ன... குழம்பில் எனக்கு மிஞ்சியது வெறும் மாங்காய்தான். பரவாயில்லை.