இருந்து கேட்கிற பாட்டு

நேற்று பொலிதேயாமாச் சதுக்கத்தில், வேலைக்குப் போகிற வழியில், ஒரு கடைக் கண்ணாடிக்குள் கௌபாய்த் தொப்பி ஒன்றைக் கண்டேன். அதன் விலைக்கு உள்ளே ஒரு தலையையும் வைத்துத் தரலாம். பரமண்ணையின் தொப்பி வுச்சீரியாச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் வாங்கியது. முன்பு யாரோ அதில் பூனை வளர்த்திருக்க வேண்டும். நாட்டை விட்டு வந்து நாங்கள் கூலிக்குப் பழம் பிடுங்கிய சியாகுல்லி மந்தாரின் தோட்டத்தில் அதைப் போட்டுக்கொண்டு அவர் ஏணியில் ஏறினால், பழ வாசனையை முந்திக்கொண்டு பூனை வாசனைதான் வரும்.

பரமண்ணை முல்லைத்தீவுக்காரர். வன்னிக் காட்டில் கட்டாக்காலியாகத் திரிகிற குழுமாடுகளைத் தோல்கயிறு வீசிப் பிடித்தவர். கௌபாய் அமெரிக்காவில் பிறந்தவன் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும்.

"அவங்கள் குதிரையிலை போய்ப் பிடிச்சவங்கள். நாங்கள் ஓடிப் பிடிச்சனாங்கள்."

ஒருநாள் முதலாளியின் கழுதை அறுத்துக்கொண்டு ஓட, பரமண்ணை கயிறு வீசினார். அது மிக அழகாக முதலாளியின் கழுத்தில் விழுந்தது. மனுசனுக்குச் சிரிப்பு வந்தபடியால் எங்கள் வேலை தப்பியது.

கித்தாரும் அடிப்பார். கௌபாய்கள் பாடுகிற அமெரிக்க கன்ட்ரி மெட்டில், வன்னித் தமிழில், மாட்டைப் பற்றியே பாட்டுக் கட்டுவார். பகிடிக்குச் சொல்லவில்லை, நல்ல பாட்டுகள். அவருடைய விலா எலும்பை முறித்துவிட்டு ஓடிய கறுவல் என்ற காளையை மூன்று மாரி தேடித் திரிந்ததைத்தான் திறமாகக் கட்டியிருந்தார். எனக்கு அதைப் பாடிக்காட்டுவார், ஆனால் கடைசி அடிக்கு முன்னால் நிறுத்திவிடுவார். கறுவல் பிடிபட்டதா என்று கேட்டால், "முடிவை மேடையிலை கேள்" என்பார். ஒருமுறையாவது சனம் ஆறுதலாக உட்கார்ந்து தன் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

ஒரு கல்யாண மண்டபத்தில் அது வாய்த்தது. கன்ட்ரி பாடகர் என்றுதான் அறிவிப்பாளரிடம் சொல்லியிருந்தோம். அவருக்குத் தமிழ்ப்பற்று கொஞ்சம் கூடுதல். "அடுத்து, எங்கள் நாட்டுப் பாடகர்" என்று குரல் தழுதழுக்க அறிவித்தார். நாடு என்ற சொல் காதில் விழுந்ததும், அஞ்சலிப் பாட்டாக்கும் என்று மண்டபம் முழுவதும் எழுந்து தலை குனிந்தது. கடித்த ரோல்ஸை மெல்லாமல் வாயில் வைத்தபடி நின்றவர்களும் உண்டு. மாப்பிள்ளையும் மாலையோடு எழுந்துவிட்டார்.

பரமண்ணை தொடங்கினார். முதல் அடியிலேயே கறுவல் வாலைத் தூக்கிச் சாணம் போடுகிறது. அப்போதும் ஒருவரும் அசையவில்லை. முதலில் உட்காருகிறவன் துரோகியாகிவிடுவானே.

"இருங்கோ. இது இருந்து கேக்கிற பாட்டு," என்று உட்காரச் சொல்லிக் கைகாட்டி மைக்கில் கெஞ்சினார். சனம் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் விறைப்பாக நின்றது. இரண்டாம் அடியோடு கித்தாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த முகத்தைப் பார்க்க அழுகையும் வந்தது. அதன்பிறகு எங்கேயும் அவர் பாடவில்லை, தோட்டத்திலும்தான்.

போன வருடம் பரமண்ணை செத்துப்போனார். செத்த வீட்டில் எல்லோரையும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் கதிரையிலேயே இருந்தேன்.

"எழும்புங்கோப்பா, சனம் பாக்குது," என்று மனைவி கிள்ளினாள்.

"அவர் இருக்கச் சொன்னவர்," என்றேன்.

பெட்டிக்குள் அந்தத் தொப்பியையும் வைத்திருந்தார்கள். கறுவல் பிடிபட்டதா என்று இனி யாரிடம் கேட்பது?