பரளச்சி பாத்திக்கில் சிவப்பு எப்படி வந்தது?

போன வெள்ளிக்கிழமை நான் பரளச்சிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, பயத்தில். நான்கு மாதம் முன்பு அங்கே பாத்திக் துணி போடும் பாண்டியம்மாள் அக்காவைப் பற்றி இதே வலைப்பூவில் எழுதியிருந்தேன். "எல்லாமே செடிச் சாயம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று அடித்து விட்டிருந்தேன். வியாழக்கிழமை கோவையிலிருந்து ஒரு வாசகி செய்தி அனுப்பினார். என் பதிவை நம்பி, நீலமும் சிவப்புமாக ஒரு துணி வாங்கியிருக்கிறார், ஆறு மாதக் குழந்தைக்குத் தொட்டில் கட்ட. பிள்ளைக்குத் தோல் ஒவ்வாமை. கெமிக்கல் சாயத் துணியே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "நிச்சயமாக இயற்கைச் சாயம்தானே?" என்று கேட்டிருந்தார்.

பதில் எழுதப் போனபோதுதான் சிவப்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது. "இப்போது கட்டாதீர்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்று என் நம்பரோடு அனுப்பினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அக்காவும் போனை எடுக்கவில்லை. கையில் மெழுகு இருந்தால் அவர் எடுக்கமாட்டார்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய். 7.25க்கு இறங்கினால் பரளச்சி பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது 9.15க்கு. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் 350 ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன். கரிசல் காடு, சீமைக்கருவேலம், மறுபடி கரிசல். நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தேன்.

"மெழுகு நெடி அடிக்கிற வீடுதான சார்? கொண்டு விட்டுருவேன். ஏன் இப்பிடிப் பதறுறீக?" என்றார் டிரைவர்.  "அவசரம்ணே" என்றேன்.

அக்கா தகரக் கொட்டகையில் துணியில் மெழுகால் பூ வைத்துக்கொண்டிருந்தார். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் பாத்திக். உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். "அக்கா, அந்தச் சிவப்பு எந்தச் செடி?"

"சிவப்பா? அது கடைப் பவுடரு தம்பி. கெமிக்கலுதான்."

 "போன தடவை சொல்லலையே அக்கா?"

"நீங்க கேக்கலையே! நீலத் தொட்டியப் பாத்தீக, மோந்தீக, போட்டோ புடிச்சீக, கிளம்பிட்டீக. வேருல சிவப்பு எடுக்கணும்னா துணியக் கொதிக்க வைக்கணும்ல? கொதிச்சா மெழுகு உருகி ஓடிரும். அப்புறம் பூவு எங்கிட்டு நிக்கும்? அவுரிச் செடி நீலம் பச்சத்தண்ணியில பிடிக்கும், இந்தப் பவுடரும் பிடிக்கும். அதான் ரெண்டும்."

நீலத்தைப் பார்த்து எல்லாமே செடி என்று எழுதும் தப்பைச் சாய வேலை தெரிந்த யாரும் செய்யமாட்டார்கள். தொட்டியைப் படம் பிடிக்க வருகிற என் மாதிரி ஆட்கள்தான் செய்வோம். வெட்கமாக இருந்தது. குழந்தை விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"பிள்ளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனி நீலத்துலயே போட்டுக் குடுத்திருப்பேனே. அதையும் நாலு தண்ணி அலசிட்டுத்தான் கட்டச் சொல்லுவேன். எல்லாம் செடின்னு நான் யார்ட்டயும் சொன்னதில்ல தம்பி. எழுதுனது நீங்க."

11.40க்குப் பரளச்சி பஸ் நிறுத்தத்தில் நின்றபோது போன் வந்தது. அந்த வாசகி. "இப்பத்தானுங்க உங்க மெசேஜைப் பார்த்தேன். நேத்துச் சாயங்காலமே கட்டிட்டோம். நீங்க எழுதியிருந்தீங்கன்னு துவைக்கக்கூட இல்லீங்க. காலையில கன்னம், கழுத்தெல்லாம் தடிப்பு. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கோம்."

சிவப்பு கெமிக்கல் என்பதைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். திரும்பும் வழி எதுவும் எனக்கு நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது தடிப்பு வற்றிவிட்டது என்றார். காரணம் அந்தச் சிவப்புதானா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லையாம். அதனால் என் மனம் ஒன்றும் லேசாகிவிடவில்லை.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் அருப்புக்கோட்டையில் இருந்தால் பஸ்ஸிலேயே போகலாம். "இயற்கைச் சாயமா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கேளுங்கள். யாருக்கு வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அக்கா ஒளிக்கமாட்டார். செடிச் சாயமும் எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை.

ஞாயிறன்று பேசும்போதே அந்தக் கோவை வாசகியிடம், பழைய பதிவை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அழிச்சிட்டா, அதைப் படிச்சு ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு யாருங்க சொல்றது?" என்றார்.