தட்டச்சு விரல்களுக்கு ஒரு பாட்டு

கண்ணாடிக்காரரின் மனைவி இருபத்தாறு வருடம் மற்றவர்கள் பேசியதைக் கேட்டே சம்பாதித்தாள். நீதிமன்றத்தில் பதிவாகும் சாட்சி விசாரணைகளை ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மூன்றாவது மாடியில் பதினோரு மேசைகள். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு மிதி இருக்கும். வலது காலால் அதை ஒரு அழுத்து அழுத்தினால் பதிவு நான்கு நொடி பின்னால் போய் மறுபடியும் பேசும். பத்துத் தரம் அழுத்தியும் ஒரு சொல் புரியாவிட்டால் அடைப்புக்குறிக்குள் ‘தெளிவில்லை’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம். அவளுடைய பக்கங்களில் அந்த ‘தெளிவில்லை’ குதிரைக்கொம்பு. ஒரு முறை நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்திய பதிவைப் பிரித்து, நால்வர் பேச்சையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தாள். எழுதியது யார் என்று நீதிபதியே ஆள் விட்டு விசாரித்தாராம். அவள் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தன் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தவர் கண்ணாடிக்காரர்தான்.

ஓய்வு பெறும்போது பரிசாக என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். ஊர் சுற்ற வேண்டும் என்பாள், நகை என்பாள் என்று நினைத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

“ஒரே ஒரு பாட்டை, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும், சும்மா உக்காந்து கேக்கணுங்க. அவ்வளவுதான்.”

அவர் சிரித்தார். அப்புறம்தான் யோசித்துப் பார்த்தார். வேலைக்குப் போன நாளிலிருந்து அவள் பாட்டுக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை. எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டிய காது, வீட்டுக்கு வந்தால் குக்கர் சத்தத்தைக்கூடத் தாங்காது. டி.வி.யை அவர் சத்தமில்லாமல் படமாகப் பார்த்துப் பழகியிருந்தார். இருபத்தாறு வருடமாக இந்தப் பெண்மணி பாட்டில்லாமல் இருந்திருக்கிறாள், அது நமக்கு உறைக்கவே இல்லையே என்று அவருக்குச் சுருக்கென்றது. கேட்டது ஒரு பாட்டு. அதைக் கேட்பதற்கு இந்த ஊரிலேயே நல்ல கருவியாக வாங்கிப் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

பொருளைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. முப்பது வருடமாகக் கண் சோதனை நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து, ஒரு வில்லையை மாற்றி இன்னொரு வில்லையைப் போட்டு, “இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?” என்று கேட்டுக் கேட்டே பிழைத்தவர். ஹோட்டலில் இரண்டு டீ வந்தாலும் அதையேதான் கேட்பார். ஆடியோ கடைக்காரர் அவரிடம் கண்ணாடி போட்டவர், அதனால் கொஞ்சம் சலுகை கிடைத்தது. இரண்டு ஆம்ப்ளிஃபையர், மூன்று ஜோடி ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர் எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பி, “வெச்சுக் கேட்டுப் பாருங்க சார். பிடிக்காததைத் திருப்பிக் குடுங்க” என்றார்.

முன்னறையின் நடுவில் நல்ல நாற்காலி ஒன்றைப் போட்டு மனைவியை உட்காரவைத்தார். ஒரு பெண் மெதுவாகப் பாடும் பழைய பாட்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்குப் பிடித்தது. ரெக்கார்டின் மேல் முள்ளை இறக்கினார். குரல் வந்தது. அந்தப் பெண்ணே எதிரில் வந்து நிற்பது போல அவ்வளவு துல்லியமாக வந்தது. அவர் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவளுடைய பத்து விரல்களும் நாற்காலியின் கைகளின் மேல் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

தாளம் போடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். தாளம் இல்லை, பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வயலின் குரலை மூடிய இடத்தில் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது. பாட்டு பின்னால் போகவில்லை. மறுபடியும் அழுத்தினாள். பாட்டு தன்பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. பதற்றத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பார்கள். இவளுக்கு இரண்டுமே ஓடின. பாட்டு முடிந்தபோது வேலை பாதியில் நின்றுபோன களைப்போடு எழுந்தாள்.

“எப்படி இருந்துச்சு?”

“மூணாவது வரிக்கு முன்னாடி அவங்க ஒருதரம் எச்சில் முழுங்குறாங்க” என்றாள். “பாட்டு எப்படி இருந்துச்சுன்னு தெரியலைங்க.”

கண்ணாடிக்காரர் சளைக்கிற ஆள் இல்லை. கருவியில் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொண்டார். அந்த ஸ்பீக்கரைக் கழற்றி இந்த ஸ்பீக்கரை மாட்டினார். சுவரை ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரங்கள் கும்மென்று அடைக்கின்றன என்று கண்டுபிடித்து, இரண்டையும் முன்னால் இழுத்து வைத்தார். இப்போது முன்னறையில் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. வெறும் தரையில் சத்தம் எதிரொலிக்கிறது என்று படுக்கையறைக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தார். எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரிந்தால் கண் ஏமாற்றும் என்று எல்லாவற்றையும் ஒரு துணித்திரைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். “இது நல்லா கேக்குதா, அது நல்லா கேக்குதா?” சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துத்தான் கேள்வி கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் தலையால் தண்ணீர் குடித்தார்.

அவளும் ஒத்துழைக்காமல் இல்லை. துல்லியத்தைப் பற்றி அவள் சொன்ன தீர்ப்பெல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் மிருதங்கம் பாடகியின் மடியில் உட்கார்ந்திருக்கிறது என்றாள். சின்ன ஜோடியில் ஆளாளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். ஆடியோ கடைக்காரரே நேரில் வந்து கேட்டுவிட்டு, “அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சார்” என்று மூக்கின் மேல் விரலை வைத்தார். ஆனால் கருவி எவ்வளவுக்கு எவ்வளவு தெளிவானதோ, விரல்கள் அவ்வளவுக்கு அவ்வளவு வேகமாக ஓடின. தெளிவு குறைந்த கருவியைப் போட்டாலோ கால் தரையை விடாமல் அழுத்தியது.

சரி, சொல் இருந்தால்தானே தட்டுவாள் என்று வெறும் புல்லாங்குழல் ரெக்கார்டு வாங்கி வந்தார். ஐந்து நொடி விரல்கள் அடங்கியிருந்தன. அப்புறம் ஊதுகிறவர் மூச்சு இழுத்தார், விரல்கள் எழுந்தன. ‘மூச்சு’ என்று அடைப்புக்குறிக்குள் அடிக்கிறாள் என்று இப்போது அவருக்கே தெரிந்துவிட்டது. தெரியாத மொழிப் பாட்டு போட்டுப் பார்த்தார். அதற்கு விரல் இன்னும் மும்முரமானது. காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுத்துக்கூட்டி அடித்தாள். அலுவலகத்தில் பெயர்களை அப்படித்தான் அடிப்பார்களாம்.

இப்படியே எட்டு மாதம் போயிற்று. கடைசியாக மிஞ்சிய சின்ன ஜோடியை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிறு மதியம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க.”

“இன்னும் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கு, அதையும் ஒருதரம்...”

“ஆம்ப்ளிஃபையர்ல ஒண்ணும் இல்லைங்க. கோளாறு என்கிட்டதான். என் காது வேலைக்குப் போயிடுச்சு, திரும்பி வரலை. இனிமே எனக்குப் பாட்டு வேணாம். நீங்க அலையறதைப் பாக்க என்னால முடியலை.”

குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பார். இவள் கணக்காக யோசித்து முடிவெடுத்துவிட்டாள், இதற்குப் பிறகு இந்த வீட்டில் பாட்டு என்ற பேச்சே எழாது என்று அவருக்குப் புரிந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார்.

“இருபத்தாறு வருஷம் எத்தனை கொலை, எத்தனை கொள்ளைன்னு கேட்டே. அதெல்லாம் ராத்திரி உன் தூக்கத்தைக் கெடுத்ததே இல்லையே. ஒரு பாட்டு மட்டும் எப்படி உன்னை இந்தப் பாடு படுத்துது?”

“அனுப்பின ஃபைல் மனசுல நிக்காதுங்க. அடிச்சு முடிச்சு அனுப்பிட்டா, அதோட போச்சு. அனுப்பாததுதான் அரிச்சுக்கிட்டே இருக்கும்.”

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது அந்த நிற்பு. பிறகு உள்ளே போய், பீரோ மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். அதில் அவளுடைய பழைய விசைப்பலகையும் மிதியும் இருந்தன. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வாங்கியவை. கணினியில் மாட்டி, அதே பாட்டின் பதிவைத் தேடி எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் பக்கத்தில் போய் நின்றார். அவள் வேலை செய்வதை அவர் அதுவரை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. மிதியை அழுத்தினாள், பாட்டு பணிவாகப் பின்னால் போனது. வயலின் மூடிய இடத்தை ஏழு தரம் கேட்டு வார்த்தையைப் பிடித்தாள். பாடகி எச்சில் முழுங்கியது, யாரோ தாள் புரட்டியது, கடைசியில் நாற்காலி நகர்ந்தது எல்லாம் அதற்கதற்கு உரிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஏறின. முக்கால் மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். ஒரு ‘தெளிவில்லை’ கிடையாது.

அவருடைய சட்டைப் பையில் போன் மணியடித்தது. பார்த்தார். ஃபைல் அவருக்குத்தான் வந்திருந்தது.

“எனக்கு எதுக்கு அனுப்புறே?”

“யாருக்காவது அனுப்பணும்ல. ‘பெறப்பட்டது’ன்னு ஒரு பதில் போடுங்க. அது வந்தாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம். அலுவலகத்துல அப்படித்தான்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து அனுப்பினார். அவள் அதைப் படித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள், கணினியை அணைத்தாள், வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இப்ப போடுங்க.”

அவர் முள்ளை இறக்கினார். குரல் வந்தது. அவர் கண்கொத்திப் பாம்பாக அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரி போனது, விரல்கள் அசையவில்லை. எச்சில் முழுங்கிய இடம் போனது. வயலின் வந்து மூடியது, விலகியது. கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்து சும்மா கிடந்தது. இரண்டாவது சரணத்தில் வலது கை மெதுவாகப் புரண்டு, உள்ளங்கை மேலே பார்த்து மடியில் விழுந்தது. அவள் கண்கள் மூடியிருந்தன. ஓரத்தில் ஈரம் இறங்கியது. பாட்டு முடிந்து முள் நடுவுக்கு ஓடிக் கரகரத்தது. இருவரில் ஒருவரும் எழுந்து போய் அதைத் தூக்கவில்லை.

“அடேயப்பா” என்றாள் கடைசியில், சின்னக் குரலில். “அந்த ரெண்டாவது சரணம் இவ்வளவு சோகமா. எனக்குத் தெரியவே தெரியாதுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

கண்ணாடிக்காரருக்குப் பொய் வராது.

“நான் பாட்டைக் கேக்கலை. உன் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“இப்ப மட்டுமா?”

“எட்டு மாசமாவே அப்படித்தான்.”

அவள் எழுந்தாள். அவர் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேரெதிரே இருந்த அந்த நல்ல நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க கேளுங்க” என்றாள். “நான் உங்களைப் பாத்துக்கறேன்.”