சஃபியா பிடித்த ஒயர்

சஃபியாவுக்குக் கரண்ட் என்றாலே குலை நடுங்கும். மலேசியாவின் ரந்தா ஊரில் அவள் அத்தா லியாக்கத் அலி நடத்திய சாப்பாட்டுக் கடையில், ஈரக் கையோடு ஐஸ்பெட்டியைத் தொட்ட அண்ணன் நுஃமான் அவள் கண்ணெதிரே விழுந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கோலா சாவா பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் அவளுக்கு உதவியாளர் வேலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது, கை கழுவி விடுவது. பயப்பட ஒன்றுமில்லாத வேலை என்றுதான் சேர்ந்தாள்.

அங்கேயும் பிள்ளைகள் பாட்டுக் கட்ட ஒரு மின்பெட்டி வந்து சேர்ந்தது. ஆசிரியை ரோகினி அதன் ஒயர்களைக் கரண்டியிலும் தண்ணீர்க் கோப்பையிலும் மாட்டினாள். தனியாக நீண்ட ஒரு ஒயரை ஒருவர் பிடித்துக்கொண்டு மற்றவர் கையைக் கோக்க வேண்டும். அப்புறம் கை கோத்தவர் கரண்டியைத் தொட்டால் பெட்டியில் மேளம் ஒலிக்கும், தண்ணீரைத் தொட்டால் மணி. எது முதலில், எது பிறகு என்று பிள்ளைகளே பேசிப் பாட்டுக் கட்டினார்கள்.

"பேட்டரிதான் சஃபியா. ஒன்னும் செய்யாது லா," என்றாள் ரோகினி. சஃபியா தலையாட்டிவிட்டுச் சுவரோரமாகவே நின்றாள்.

ஒரு நாள் பிள்ளைகள் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது ரோகினியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. ஜன்னலை ஒட்டி இடி விழுந்தது போல ஒரு சத்தம். விளக்கு அணைந்தது, தலைக்கு மேல் காற்றாடி நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. இருட்டில் மணி ஒலித்தது. சிறுவன் புனிதனின் விரல் இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.

"தொடாதீங்க! விடு, கைய விடு!"

சஃபியா கத்திக்கொண்டே பாய்ந்து அவனை இழுத்தாள். கோப்பை கவிழ்ந்தது. பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

"தொட்டா செத்துப் போயிருவோமா, டீச்சர்?" என்று சிறுமி மாதவி சஃபியாவைத்தான் கேட்டாள்.

தன் பயம் இந்தப் பிஞ்சுகளுக்குள் இறங்கிவிட்டதை நினைக்க, சஃபியாவுக்கு அது எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. "இல்லம்மா" என்று வாயால் சொன்னால் நம்புவார்களா? 'யா அல்லாஹ்' என்று முனகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நீண்ட ஒயரைத் தானே விரல்களால் பற்றினாள். இன்னொரு கையை நீட்டினாள். வெகுநேரம் கழித்து மாதவி அதைப் பிடித்துக் கரண்டியைத் தொட்டாள்.

மேளம் ஒரே அடியாக விழவில்லை. சஃபியாவின் கை நடுங்க நடுங்க, ஒயர் விரலில் பட்டும் படாமலும் துள்ளியது. மேளம் தடதடவென்று உருண்டது.

"மழ மாதிரி இருக்கு லா!" என்று கத்தினான் புனிதன். "நம்ம பாட்டுல மழ வைப்போம் டீச்சர். நீங்களே பிடிச்சுக்கங்க!"

அவர்கள் முதலில் மழை, பிறகு மணி என்று அடுக்கத் தொடங்கினார்கள். சஃபியாவின் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. பாட்டு முடியும்வரை அவள் ஒயரை விடவில்லை.