அக்கா கூவிய மழை

காய்ந்தும் காயாத துணியின் வாடையோடு நிலக்கரிப் புகையும் கலந்து எங்கேயாவது மூக்கில் பட்டால், பிள்ளைகளே, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் துணிக்கொடியடியில் வானத்தைப் பார்த்து நின்ற உங்கள் அத்தை செல்லம்மா என் நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நீளக் கொடிதான். தூறலை முதலில் பார்த்தவர் குரல் கொடுக்க வேண்டும், கேட்டவர் யார் வீட்டுத் துணியானாலும் அள்ளிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அங்கே வழக்கம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நான் "ரெயின், ரெயினி, ரெயினிங், ரெயின்ட்" என்று ஒப்பிக்கும்போது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அக்கா அரிசி களைந்துகொண்டே எனக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவாள். எந்தச் சொல்லை எப்போது சொல்வது என்று என்னைக் குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டவள், ஒருநாள் துளி விழுந்ததும் "இட் இஸ் ரெயினிங்!" என்று லயமே அதிரக் கூவினாள்.

"வந்துட்டாடி தொரசாணி! துணிய எடுத்துட்டு அப்புறம் இங்கிலீசு பேசு லா," என்று பக்கத்து வீட்டு முனியம்மா கேலி செய்தாள். ஆனால் கொஞ்ச நாளில் அவளே "ரெயினிங்கு! ரெயினிங்கு!" என்று கூவ, லயம் முழுவதும் அதுவே மழைக்குரலாகிவிட்டது.

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதில் பெருமை. "இந்த அடமழை விடட்டும் செல்லம், உன்னையும் பள்ளிக்கூடத்துல சேத்துடறேன்," என்றார். அம்மா தன் பழைய சேலையை வெட்டி ஒரு நீலப் பாவாடை தைத்து வைத்தாள். அக்காவோ அன்றிலிருந்து "இட் ரெயின்ட்" என்கிற, பெய்து முடிந்த மழைக்கான சொல்லை மட்டும் வாயால் சொல்வதில்லை. மழை ஓய்ந்து பள்ளிக்கூடம் போகிற அன்றைக்கென்று அதை எடுத்து வைத்திருந்தாள்.

மழை விடவில்லை. கிள்ளான் ஆறு பெருகி லயத்துக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சேறும் காய்ச்சலும் தங்கிவிட்டன. அக்கா படுத்தாள். உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதும், "மழை விட்டுருச்சாப்பா?" என்றுதான் கேட்டாள்.

"விடப்போகுது தாயி."

விட்டது. அதைச் சொல்ல அப்பா ஓடி வந்த காலையில், கேட்க அக்கா இல்லை.

காரியம் முடிந்து, வெள்ளச் சேறு படிந்த துணிகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்ட அன்று மாலை மறுபடியும் தூறியது. பெண்கள் எல்லாரும் வாசலில்தான் இருந்தார்கள். முனியம்மா வாயைத் திறந்தவள் முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. அக்கா ஒருநாளும் உடுத்தாத அந்த நீலப் பாவாடை கொடியில் கிடந்து நனைந்தது. அம்மா அதை எடுக்கப் போகவேயில்லை.

அந்த லயம் இப்போது இல்லை, பொதுக்கொடியும் இல்லை. அவரவர் துணியை அவரவரே எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் அதே பாடத்தை ஒப்பிக்கிறீர்கள். கடைசிச் சொல் வருவதற்கு முன்னால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவதைப் பார்த்து, இந்த அப்பாவுக்கு உங்கள் படிப்பில் அக்கறை இல்லையென்று நினைத்துவிடாதீர்கள்.