பக்கவாட்டில் ஒரு சனி தரிசனம்

போன வாரம் சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் மவுண்ட் ஃபேபர் உச்சிக்குப் போயிருந்தேன். உச்சி என்றதும் சிரிக்காதீர்கள்... நம் சிங்கப்பூருக்கு அதுதானே இமயமலை!

வானத்தை ஆராய்கிற சிலர் அங்கே பெரிய டெலஸ்கோப் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரஷ்யாக்காரன் மேலே ஆளையே அனுப்பிவிட்டான், நாம் பார்க்கவாவது வேண்டாமா? நாலு மொழியிலும் மைக்கில் விளக்கம். தமிழில் சொன்னது எங்கள் பக்கத்து வீட்டு சரோஜா — தமிழ்ப் பள்ளி டீச்சர்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸராக இருக்கும் நல்ல பையன் ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்து இரண்டு வருஷமாகிறது. கல்யாணம்தான் நடக்கவில்லை. பெண்ணுக்கு ஏழரைச் சனி, அது முடியட்டும் என்று அப்பா நடேசன் ஒற்றைக் காலில் நிற்கிறார். துறைமுகத்தில் பயமே இல்லாமல் அந்தரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற மனிதர்! பையன் வீட்டிலோ, "தை மாசத்துக்கு மேல காத்திருக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அழுது அழுது சரோஜாவின் முகமே வீங்கிவிட்டது.

மகள் மைக்கில் பேசுவதைக் கேட்க நடேசனும் என்னோடு வந்திருந்தார். நிலாவைப் பார்த்து "அடேயப்பா!" என்றார். ஆசை விடவில்லை, மறுபடியும் வரிசையில் நின்றார். அப்போது சரோஜா அறிவித்தாள் — "அடுத்து நாம பாக்கப்போறது சனி!"

மனிதர் விருட்டென்று விலகினார்.

"வேணாம்ணே! கோயில்லயே நான் அவரு முன்னாடி நேரா நிக்க மாட்டேன். ஓரமா நின்னு கும்பிட்டுட்டு வந்துடுவேன். இங்க வலியப் போயி நேருக்கு நேர் பாக்குறதா? என் பொண்ணு வாழ்க்கை என்னாகுறது?"

சரோஜா காதில் விழுந்துவிட்டது. வெடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க லா, அப்பா. கண்ணு வைக்கிற இடம் எங்க இருக்கு? குழாய்க்குப் பக்கவாட்டுல! உள்ள கண்ணாடி இருக்கு, அதுல தெரியுறதைத்தான் பாக்குறோம். நேரா நிக்கணும்னு நெனச்சாலும் முடியாது."

நடேசன் டெலஸ்கோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகள் சொன்னது நிஜம்தான். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓரமாக நின்று குனிந்தார்.

பின்னால் நின்ற சீனர் கனைக்கும்வரை அவர் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அண்ணே... மோதிரம் போட்டிருக்காரு!"

"அது வளையம்ப்பா" என்றாள் டீச்சர்.

"மோதிரந்தாம்மா. இவ்வளவு அழகா தான் போட்டுக்கிட்டு, என் பொண்ணு போடுறதை மட்டும் வேணாம்னா சொல்லப்போறாரு? தையிலேயே வச்சுக்கலாம்னு அவங்களுக்குச் சொல்லிடுவோம்."

கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்து சரோஜா விம்மினாள். மலை முழுக்கக் கேட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்?

பயத்தை அதட்டி விரட்ட முடியாது போலிருக்கிறது. கையைப் பிடித்துக் கொஞ்சம் சுற்றுவழியில்தான் அழைத்துப்போக வேண்டும்.

நேற்றும் நடேசன் கோயிலில் எள் விளக்கு ஏற்றினார். ஓரமாகத்தான் நின்றார். வரப்போகிற சம்பந்தியம்மாள் முன்னாலும் அப்படியே நிற்கச் சொல்லியிருக்கிறேன்!