மேனேஜருக்கு ஒரு ஷாம்பு

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் எதிரில் வந்து படுத்துக்கொண்டு, ஒரு துரும்பையும் அசைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மேனேஜர்தான் இப்போது ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது. வயிறு சிவந்து முடி கொட்டிவிட்டது. கால்விரல் இடுக்கை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருந்தது.

கால்நடை டாக்டரம்மா காது முதல் வால் வரை புரட்டிப் பார்த்தார். "அலர்ஜிதான். எதனாலன்னு இன்னைக்கே சொல்ல முடியாது. மாத்திரை தரேன். ஷாம்பு மட்டும் பார்த்து வாங்குங்க. வாசனை கூடாது, கலர் கூடாது. மனுஷங்க போடறது கூடவே கூடாது, நம்ம தோல் வேற, இதுங்க தோல் வேற. பத்து நிமிஷம் ஊற விட்டு, நுரை துளியும் நிக்காம அலசுங்க."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. கடைக்குப் போன பிறகுதான் மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. ஒரு சுவர் முழுக்க பாட்டில்கள். எல்லாவற்றிலும் ஒரு நாய் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது, எல்லாவற்றிலும் 'மென்மையானது' என்று எழுதியிருந்தது.

"இது ரொம்ப மைல்டு சார். லாவெண்டர்," என்றாள் கடைப் பெண்.

"வாசனை இல்லாததும்மா."

"லேசாத்தான் சார் வரும்."

"லேசாவும் வரக் கூடாது."

"அப்போ இது பாருங்க. ஓட்ஸ், வெனிலா."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாட்டிலை மூக்குக்கு நேரே பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தார். வாயில் நுழையாத பத்துப் பெயர்களைத் தாண்டிக் கடைசியில் வாசனைத் திரவியம் ஒளிந்துகொண்டிருந்தது. அடுத்த பாட்டிலிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். கடைசியில் கீழ்த்தட்டின் மூலையில் நாய்ப் படம்கூட இல்லாத ஒரு வெள்ளை பாட்டில் அகப்பட்டது.

"அதை யாரும் வாங்க மாட்டாங்க சார். போட்ட மாதிரியே இருக்காது," என்றாள் அவள். "குடுங்க," என்றார் மெக்கானிக்.

பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று குளியலறையில் தெரிந்தது. இரண்டாவது நிமிஷத்திலேயே மேனேஜர் உடம்பை உதறியது. சுவரில் நுரை, கண்ணாடியில் நுரை, அவர் வாய்க்குள்ளும் நுரை. கதவுக்கு வெளியே மனைவி, "என்னங்க, நான் இன்னைக்கு வேலைக்குப் போகவா வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் பலன் இருந்தது. ஒரு வாரத்தில் சிவப்பு தணிந்தது.

அடுத்த வாரமே அரிப்பு மறுபடியும் தொடங்கிவிட்டது.

தரை துடைக்கும் திரவத்தை மாற்றினார். பிறகு அது படுக்கும் விரிப்பைத் துவைக்கும் பவுடரை மாற்றினார். டாக்டரம்மாவிடம் கேட்டுச் சாப்பாட்டையும் மாற்றினார். எதற்கும் மசியவில்லை. ஒரு நாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கை முழுக்க கிரீஸ், ஸ்பீக்கரில் போட்டார். "மேனேஜர் மறுபடியும் வயித்தைச் சொறியறான். பார்க்கவே சகிக்கலை," என்றாள் மனைவி. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்து மேனேஜர் சட்டென்று வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். அவருக்கு விளக்கம் சொல்லிப் புரியவைப்பதற்குள் மெக்கானிக்குக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்.

"என்ன போட்டீங்க? ஆப்பிள் வாசனை வருதே," என்றார் அவர்.

"வாசனையே இல்லாததுதான் டாக்டர் போடறேன்."

"குனிஞ்சு முகர்ந்து பாருங்க."

முகர்ந்தார். பச்சை ஆப்பிள். வீட்டில் எப்போதும் அடிக்கும் வாசனை என்பதால் இத்தனை நாளாக அவர் மூக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் மனைவியின் அண்ணன் கல்யாணம் கட்டாதவர், அவர்கள் வீட்டோடுதான் இருந்தார். அடுத்த தெருவில் சலூன் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் அந்த வாசனையும் அவரோடு கூடவே வீட்டுக்கு வரும்.

நாயோடு நேரே சலூனுக்கு நடந்தார். உள்ளே மச்சான் ஒருவருக்கு முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நாய்க்கு ஷாம்பு போட்டீங்களா?"

"நான் ஏன் போடப் போறேன்? நீங்கதான் கூடாதுன்னீங்களே."

"அப்போ இந்த வாசனை?"

"அது கண்டிஷனர் மாப்பிள்ளை. ஷாம்பு வேற, கண்டிஷனர் வேற. இது தெரியாதா உங்களுக்கு?"

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார். "எப்போ போட்டீங்க?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து, நீங்க குளிப்பாட்டிட்டு வேலைக்குப் போன பிறகு. முடியெல்லாம் தேங்காய் நார் மாதிரி நிக்குது. பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? நான் தொழில் பண்றவன்."

"எங்க வீட்டு நாய்க்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்புதான் சார். ஜம்முனு இருக்கு," என்றார் நாற்காலியில் இருந்தவர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"அது தோலெல்லாம் வெந்து கிடக்கு மச்சான். உங்க கண்ணுல படலையா?" என்று மெக்கானிக் நாயின் வயிற்றைத் திருப்பிக் காட்டினார். குரல் உயர்ந்துவிட்டது. மச்சான் குனிந்து பார்த்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு மோசமாவா இருக்கு? நான் முதுகைத்தானே பார்த்தேன்," என்றார் மெதுவாக. முகம் விழுந்துவிட்டது.

மெக்கானிக் குரலைத் தணித்துக்கொண்டார். "அது எப்படி உங்ககிட்ட நின்னுச்சு? என்னைப் பாடாய்ப் படுத்துதே."

"நிக்கிறதா? உக்கார வச்சு, காதுக்குப் பின்னாடி பிடிச்சு விட்டுக்கிட்டே பேசினேன். தூங்கிடுச்சு."

கண்டிஷனரைவிட இதுதான் அவருக்கு அதிகமாக எரிந்தது.

அன்று சாப்பிடும்போது மனைவி தீர்ப்புச் சொன்னாள். இனிமேல் குளிப்பாட்டுவது அண்ணன், ஆனால் வெள்ளை பாட்டில் மட்டும்தான். இருவரும் முணுமுணுத்தார்கள், ஆனால் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மச்சானின் கையை முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே விட்டார்.

"என்னை என்ன திருடன்னு நினைச்சீங்களா?"

"இல்லை மச்சான். சலூன்காரர்னு நினைச்சேன்."

"இது என்ன ஷாம்பு, வாசனையும் இல்லை ஒண்ணும் இல்லை," என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொண்டே மச்சான் தேய்ப்பார். தேய்த்தபடி அந்த வாரம் கடைக்கு வந்தவர்களின் குடும்ப விவகாரங்களை எல்லாம் நாயிடம் ஒப்பிப்பார். அது பாதிக் கண்ணை மூடி, பத்து நிமிஷமும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒன்றரை மாதத்தில் வயிற்றில் பூனைமயிர் போல முடி முளைத்தது. டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். "பாதத்தை மட்டும் இன்னும் நக்குது. அது வேற ஏதோ. கொஞ்ச நாள் கவனிப்போம்," என்றார்.

கூட வந்திருந்த மச்சான் தொண்டையைச் செருமினார். "பாதம்தானே டாக்டர்? நம்ம கடையில ஒரு எண்ணெய் இருக்கு."

மெக்கானிக் மேனேஜரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.